அலமாரியில் இருக்கிறது, கணினியில் இல்லை: செட்டிநாட்டு நூலகங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய புத்தகங்கள் நிறைந்த பீரோ ஒன்று எங்காவது இருக்கும். தமிழ்ச் சங்கமாக இருக்கலாம், கல்லூரி நூலகமாக இருக்கலாம், வீட்டு வளவுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் அறையாக இருக்கலாம். இப்போது அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலை பல இடங்களில் நடக்கிறது. சிலர் எக்செல்லில் அடிக்கிறார்கள், சிலர் கோஹா என்ற நூலக மென்பொருளில் நேராகப் பதிகிறார்கள். பதிந்து முடித்த பிறகுதான் பிரச்சினை தெரிய வருகிறது. கண்ணெதிரே இருக்கும் புத்தகத்தைத் தேடினால் "எதுவும் கிடைக்கவில்லை" என்று திரை சொல்கிறது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்கள் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேர்க்கையை வாங்கியது. 1994-ல் நூலகம் உருவானது. எங்கோ இருக்கும் ஆய்வாளருக்கு அந்த நூல்கள் எட்டுகின்றன என்றால், கறையானிடமிருந்து காப்பாற்றியது பாதிக் காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதிவு எழுதியது மீதிக் காரணம். பதிவு சரியில்லாத புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

கீழே வரும் எல்லாப் பிழைகளுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. புத்தகத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை உள்ளபடி எழுத ஓர் இடம் வேண்டும். தேடி வருகிறவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பாரோ அதற்கு வேறோர் இடம் வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் திணிப்பதால்தான் முக்கால்வாசிக் கோளாறும் வருகிறது. மார்க் 21 என்கிற பதிவு முறையில் இவ்வளவு எண்களும் புலங்களும் (ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட தனிக் கட்டம்) எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு இடங்களையும் பிரித்து வைக்கத்தான்.

கை வைக்கும் முன்

முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். பிறகு கிடைக்காத புத்தகத்தைக் கையில் எடுத்து, அதன் அக்ஸஷன் எண்ணை (நூலகப் பதிவேட்டில் அதற்குக் கொடுத்த வரிசை எண்) தேடல் பெட்டியில் தட்டுங்கள். எண்ணைத் தட்டியும் வரவில்லை என்றால் அது ஏறவே இல்லை. பதிவேட்டைப் பார்த்துப் புதிதாகப் பதிய வேண்டியதுதான். எண்ணுக்கு வந்து தலைப்புக்கு வரவில்லை என்றால் எழுத்திலோ இண்டெக்ஸிலோ (தேடுவதற்காகக் கணினி கட்டி வைக்கும் சொல்லடைவு) கோளாறு. ஊழியர் பக்கத்தில் வந்து, வாசகர் தேடும் ஓபேக்கில் மட்டும் வரவில்லை என்றால் பதிவு மறைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பதிவைத் திருத்தத் தொடங்குகிறவர்கள், நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுகிறார்கள்.

அறிகுறி: எண்ணைத் தட்டினால் வருகிறது, தலைப்பைத் தட்டினால் வரவில்லை

திரையில் இரண்டு சொல்லும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு.

மகிபாலன்பட்டி பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் சாணக்கியரின் அர்த்தசாஸ்திரத்தைத் தமிழாக்கியவர். அதைப் பதியும்போது 'கௌடலீயம்' என்று அடிக்க வேண்டும். முதலெழுத்தைக் கவனியுங்கள். 'கௌ' என்பதைச் சரியாக அடித்தால், ககரமும் ஔகாரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடுகள். பலர் கொம்பைப் போட்டு, க-வைப் போட்டு, பக்கத்தில் ளகரத்தைப் போட்டுவிடுகிறார்கள். அது 'கெள'. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினியோ அதைக் 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகவே படிக்கும். 'மௌனம்', 'பௌத்தம்', 'சௌந்தரம்' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மொத்தமாகத் தேடி மாற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 'கெளுத்தி'யில் வருவது உண்மையான ளகரம். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

'கொ', 'கோ' ஆகியவற்றிலும் இதே போன்ற சிக்கல் உண்டு, ஆனால் அதற்கு மருந்து எளிது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் அடிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. அதனால் 'நார்மலைஸ்' செய்யும் கருவி எதுவாக இருந்தாலும் அது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். மார்க் பதிவுகளைத் திருத்தும் மார்க்எடிட் போன்ற கருவிகளில் கோப்பு முழுவதற்கும் ஒரே தடவையில் செய்யலாம். ளகரத் தவறை மட்டும் நார்மலைஸ் சரிசெய்யாது. யூனிகோடு கணக்கில் அது எழுத்துப்பிழை.

'ஸ்ரீ'யையும் சந்தேகப்படுங்கள். அது இரண்டு விதமான சகரங்களில் தொடங்கி அடிக்கப்படுகிறது. பார்க்க ஒன்றாகவே இருக்கும். ஏதாவது ஒன்றை முடிவு செய்து எல்லாப் பதிவிலும் அதையே வையுங்கள். இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய தலைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். சந்தேகமான தலைப்பை அழித்துவிட்டுக் கையால் மறுபடி அடித்துப் பாருங்கள். தேடலில் வந்துவிட்டால் கோளாறு அங்கேதான் இருந்தது.

கையால் அடித்தும் வரவில்லையா? அப்படியானால் பதிவில் குற்றம் இல்லை, இண்டெக்ஸில் இருக்கிறது. கோஹாவில் ஸீப்ரா என்ற தேடுபொறியை நிறுவும்போது எழுத்துகளைப் பிரிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஆங்கில நூலகத்தை மனத்தில் வைத்து நிறுவியவர்கள் பழைய முறையிலேயே விட்டிருப்பார்கள். தமிழுக்கு ஐ.சி.யூ. என்கிற யூனிகோடு முறைதான் வேண்டும். அதை மாற்றிவிட்டு, முழு இண்டெக்ஸையும் முதலிலிருந்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். அமைப்பை மாற்றிவிட்டு மறு இண்டெக்ஸ் செய்யாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. பழைய இண்டெக்ஸ் இருக்கும்வரை எதுவும் மாறியதாகத் தெரியாது.

சிலர் ஒன்று கேட்பார்கள்: பழைய புத்தகத்தில் ணை, லை, னை எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கிறதே, அதையும் அப்படியே அடிக்க வேண்டுமா? வேண்டாம். 1978-ல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் வடிவத்தைத்தான் மாற்றியது. யூனிகோடில் இரண்டுக்கும் குறியீடு ஒன்றே, காட்டுவது எழுத்துருவின் வேலை.

அறிகுறி: சொல்லைப் பிரித்துத் தேடினால் இல்லை, சேர்த்துத் தேடினால் இருக்கிறது

இதுவும் பண்டிதமணி நூல்களிலேயே கிடைக்கும். 'பொருணூல்' என்று அவர் எழுதுவார். இன்றைய மாணவர் 'பொருள் நூல்' என்று தட்டுவார். மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தை அவர் 'மண்ணியற் சிறுதேர்' என்று தந்தார். தேடுகிறவர் 'மண்ணியல்' என்பார், அல்லது மிருச்சகடிகம் என்றே கேட்பார். கணினிக்குச் சந்தி இலக்கணம் தெரியாது. 'மண்ணியற்' என்பதும் 'மண்ணியல்' என்பதும் அதற்கு இரண்டு தனிச் சொற்கள்.

இங்கே தலைப்பைத் திருத்திவிடக் கை பரபரக்கும். செய்யாதீர்கள். 245-ஆம் புலம் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்துக்குச் சொந்தமானது. அங்கே இருப்பது அச்சில் உள்ளபடி இருக்க வேண்டும். தேடுகிறவருக்கு உதவ 246 இருக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்க்கலாம். அந்த ஒரு நூலின் பதிவு இப்படி அமையும்:

100 சூத்திரகர்
240 மிருச்சகடிகம். தமிழ்
245 மண்ணியற் சிறுதேர்
246 மண்ணியல் சிறுதேர்
246 மண்ணியற்சிறுதேர்
700 கதிரேசச் செட்டியார், மு., 1881–1953, மொழிபெயர்ப்பாளர்

மூல ஆசிரியர் 100-ல், மொழிபெயர்ப்பாளர் 700-ல். மூல நூலின் பெயர் 240-ல். இப்படி எழுதினால் வடமொழி நாடகம் படிக்கும் மாணவரும், பண்டிதமணியின் நடையைத் தேடுகிறவரும், தலைப்பு அரைகுறையாக நினைவிருக்கிறவரும் ஒரே அலமாரித் தட்டுக்கு வந்து சேர்வார்கள். 240 ஒன்றை மட்டும் விட்டாலும், அதே நாடகத்தின் வேறு மொழிபெயர்ப்பு உங்களிடம் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கும்.

அறிகுறி: ஒரே ஆசிரியர் நாலைந்து பேராகத் தெரிகிறார்

செட்டிநாட்டு நூலகத்தில் இதுதான் பெரிய வேலை. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் சரிசெய்தாலே பாதி நூலகம் வெளிச்சத்துக்கு வரும்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பெயர்களில் தலையெழுத்து என்பது ஒற்றை எழுத்தாக நிற்பதில்லை. தந்தை பெயர், பாட்டன் பெயர் எல்லாம் அசை அசையாகச் சுருங்கி முன்னால் வரும்: ராம., சுப., கரு., லெ., மெ., பெரி. மேலைச்சிவபுரி தந்த தமிழறிஞர் வ. சுப. மாணிக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவில் வ.சுப.மாணிக்கம், இன்னொன்றில் வ. சுப. மாணிக்கம், வேறொன்றில் மாணிக்கனார், எங்காவது வ.சுப.மா. ஆள் ஒருவர்தான், கணினியில் நான்கு பேர்.

முதலில் சின்ன விஷயத்தைச் சரிசெய்வோம். புள்ளிக்குப் பின் இடைவெளி இருக்க வேண்டும். 'வ.சுப.மாணிக்கம்' என்று ஒட்டி அடித்தால், யூனிகோடின் சொற்பிரிப்பு விதிப்படி நடுவில் வரும் புள்ளி சொல்லைப் பிரிக்காது. சில இண்டெக்ஸ் அமைப்புகளில் அது முழுதும் ஒரே சொல்லாகிவிடும். பிறகு 'மாணிக்கம்' என்று தேடுகிறவருக்கு அவர் கிடைக்கவே மாட்டார். புள்ளியை அடுத்து உடனே எழுத்து வரும் இடங்களைத் தேடி, இடைவெளி போட்டுக்கொண்டே வாருங்கள். சோர்வான வேலைதான், ஆனால் பலன் உடனே தெரியும்.

அடுத்தது அதாரிட்டி பதிவு. நூல்களுக்கான பதிவுகள் ஒருபுறம் இருக்க, ஆட்களுக்கென்று தனிப் பதிவு. ஓர் ஆளுக்கு ஒன்று. அதில் 100-ல் நீங்கள் தேர்ந்தெடுத்த பெயர், 400-களில் அவருக்கு வழங்கும் மற்ற எல்லாப் பெயர்களும். நூலின் பதிவு பெயரை எழுத்தாக மட்டும் வைத்திருக்காமல் அந்த ஆளின் பதிவைச் சுட்ட வேண்டும். எக்செல்லுக்கும் டேட்டாபேஸுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான். எக்செல்லில் பெயர் ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும், திருத்தினால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். டேட்டாபேஸில் ஆள் ஓரிடத்தில் இருப்பார், நூல்கள் அவரைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

நெற்குப்பை சோமலெயை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் அறிந்தது 'சோமலெ' என்ற பெயர்தான். ஆகவே 100-ல் 'சோமலெ, 1921–1986'. 400-களில் 'சோம. இலக்குமணன்', 'லெட்சுமணன் செட்டியார், சோம.', 'லட்சுமணன் செட்டியார், சோம.'. ராய. சொக்கலிங்கத்துக்கு 'ராய. சொ.', 'சொக்கலிங்கன், ராய.' இரண்டும் 400-ல். சா. கணேசனுக்குக் 'கம்பன் அடிப்பொடி' என்பது 400-ல் கட்டாயம் வேண்டும். காரைக்குடியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்களே அதிகம்.

கண்ணதாசனுக்குத் தனிக் கவனம் தேவை. சிறுகூடல்பட்டியில் பிறந்தபோது முத்தையா. காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளையாகப் போனபோது நாராயணன். எழுத்தில் கண்ணதாசன், காரைமுத்துப் புலவர், வணங்காமுடி. ஒரே ஆள் வேறு வேறு புனைபெயரில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் தனி அதாரிட்டி வைத்து 500-ஆல் ஒன்றோடொன்று இணைக்கலாம் என்று விதி இடம் தருகிறது. பெரிய நூலகத்துக்கு அது சரி. சின்ன நூலகத்துக்கு என் தீர்ப்பு வேறு: கண்ணதாசன் என்று ஒரே பதிவு, மற்ற எல்லாப் பெயரும் 400-ல். வாசகரை இரண்டு தடவை சொடுக்க வைப்பதில் லாபம் இல்லை.

பிள்ளை கூட்டும் (தத்தெடுக்கும்) வழக்கம் இங்கே பரவலாக இருந்ததால், ஒருவரின் தலையெழுத்தே வாழ்நாளின் நடுவில் மாறியிருக்கக்கூடும். முன்பு ஒரு தலையெழுத்தில் எழுதியவரும் பின்பு வேறு தலையெழுத்தில் எழுதியவரும் ஒருவரே என்று புத்தகம் சொல்லாது. ஊரில் வயதானவர்களைக் கேட்டால்தான் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டதை அதாரிட்டி பதிவின் 670-ல் எழுதுங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதும் அங்கேயே இருக்கட்டும். அடுத்து வரும் நூலகருக்கு அந்த அறிவு வேறு எங்கும் கிடைக்காது.

அறிகுறி: 'செட்டியார்' என்ற ஒரே பெயருக்குக் கீழே எல்லாரும் குவிந்திருக்கிறார்கள்

மென்பொருள் குடும்பப் பெயரைக் கேட்டிருக்கும், பதிந்தவர் கடைசிச் சொல்லைக் கொடுத்திருப்பார். 'செட்டியார், மு. கதிரேச' என்று ஆகிவிடும். மேல்நாட்டுப் பெயருக்கான வழக்கம் அது. நமக்கு அழைக்கும் பெயர்தான் முதலில் வர வேண்டும்: 'கதிரேசச் செட்டியார், மு.'. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933-ல் கோலன் பகுப்பு முறையையும் அடுத்த ஆண்டு பட்டியலாக்க விதிகளையும் வெளியிட்டார். அவருடைய பெயரே உலகப் பட்டியல்களில் 'ரங்கநாதன், சீ. இரா.' என்ற முறையில்தான் நிற்கிறது. சீ. என்பது ஊர், இரா. என்பது தந்தை. இரண்டும் பின்னால் போய்விட்டன. நம் ஊர்ப் பெயர்களுக்கும் அதே வழி.

அறிகுறி: இரண்டு பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள்

முந்தையதற்கு நேர் எதிர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால், பாட்டனும் பேரனும் ஒரே பெயரில் எழுதியிருப்பார்கள். வேறு வேறு ஊரில் ஒரே பெயரும் ஒரே தலையெழுத்தும் உள்ளவர்களும் உண்டு. பிறந்த ஆண்டு தெரிந்தால் சேர்த்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. தெரியாவிட்டால் ஊரார் எப்படிப் பிரித்தறிகிறார்களோ அந்த வழியே போகலாம்: எந்த ஊர், எந்தக் கோயில், எந்த விலாசம் (குடும்பத்தை அடையாளம் காட்டும் எழுத்துகள்). இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது கோயிலில் எதைச் சேர்ந்தவர் என்பதும், வீட்டு விலாசமும் தெரிந்தால் ஆள் யார் என்று குழப்பமே வராது. அதாரிட்டி பதிவில் ஊருக்கு 370 இருக்கிறது. கோயிலையும் விலாசத்தையும் குறிப்பாக எழுதி வையுங்கள். பழைய புத்தகங்களில் ரப்பர் முத்திரையாகவோ மையெழுத்தாகவோ விலாசம் இருக்கும். அது அந்தப் பிரதி யாருடையது என்று காட்டுமே தவிர எழுதியவரைக் காட்டாது. அதன் இடம் நூலின் பதிவில் 561.

அறிகுறி: ஆண்டு தப்பாக வருகிறது, அல்லது வரவே இல்லை

பழைய நூலில் 'பிரமோதூத வருஷம் ஆனி மாதம்' என்று இருக்கும். பதிந்தவர் ஆண்டுக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார். அல்லது ௧௯௩௦ என்று தமிழ் எண்ணில் அடித்திருப்பார். ஆண்டு வாரியாகத் தேடும்போது இரண்டும் விழுந்துவிடும். மார்க் பதிவின் 008-ல் ஆண்டுக்கான இடம் நான்கு சாதாரண இலக்கங்களைத்தான் ஏற்கும். தமிழ் எண் ௧-க்குப் பதிலாக ககரத்தையே அடித்து வைத்திருப்பதும் உண்டு, இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால்.

வழி இதுதான்: 264-ல் புத்தகத்தில் உள்ளபடி எழுதி, பக்கத்தில் சதுர அடைப்பில் ஆங்கில ஆண்டு: 'பிரமோதூத வருஷம் ஆனி [1930]'. 008-ல் 1930. சித்திரையிலிருந்து கார்த்திகை வரை முதல் ஆண்டு. தை முதல் பங்குனி வரை அடுத்த ஆண்டு, அதாவது பிரமோதூத தை என்றால் 1931. மார்கழி மட்டும் இரண்டிலும் கால் வைக்கும்.

அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் பிரமோதூத 1870-ஆகவும் இருக்கலாம், 1930-ஆகவும் இருக்கலாம், 1990-ஆகவும் இருக்கலாம். எது என்று புத்தகமே சொல்லும், பொறுமையாகப் பாருங்கள். விலை அணாவில் இருந்தால், நயாபைசா வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தையது என்று கொள்ளலாம். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. 'இராமநாதபுரம் ஜில்லா, காரைக்குடி' என்றிருந்தால் அந்த ஜில்லா உருவான 1910-க்குப் பிறகு. இந்தப் பகுதி 1985-ல் அதிலிருந்து பிரிந்து இன்றைய சிவகங்கை மாவட்டமானது. 'சென்னை ராஜதானி', 'தமிழ்நாடு' என்ற பெயர்களும் இதேபோல எல்லை காட்டும். இரண்டு மூன்று குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஆண்டில் வந்து நிற்கும்.

இன்னொரு பொறி திருவள்ளுவர் ஆண்டு. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 1990 என்று மட்டும் கண்ணில் பட்டு அதை அப்படியே அடித்துவிடுவார்கள். மேலே சின்ன எழுத்தில் 'திருவள்ளுவர் ஆண்டு' என்று இருந்தால் அதில் 31-ஐக் கழிக்க வேண்டும், நூல் 1959-ல் வந்தது. காகிதம் பழுத்திருக்கிறது, பதிவோ 1990 என்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பழைய நூலுக்கு ஐ.எஸ்.பி.என். இல்லையே என்று கேட்கிறார்கள். அந்த எண் உலகத் தரமாக வந்ததே 1970-ல்தான். இல்லாததைக் காலியாக விடுங்கள். பதிவை முடிக்கவேண்டி ஏதோ ஓர் எண்ணைப் போட்டால், வெளியிலிருந்து பதிவுகளை இறக்கும்போது வேறொரு புத்தகம் வந்து இதன்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

அறிகுறி: பட்டியல் அகர வரிசையில் இல்லை

ஒரு சோதனைப் பட்டியலை உள்ளே போடுங்கள்: கடல், கணம், கரை, கலை, கவி, கழல், களம், கறி, கனி. நம் வரிசை இது. கணினி 'கடல், கணம், கனி, கரை, கறி, கலை, களம், கழல், கவி' என்று திருப்பித் தந்தால், அது குறியீட்டு எண்ணை வைத்து அடுக்குகிறது என்று பொருள். யூனிகோடில் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் வைக்கப்பட்டிருக்கின்றன. புள்ளியும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் போய்விட்டது. அதனால் கம்பனுக்கு முன்னால் கமலம் வந்து நிற்கும். பதிவில் எதையும் தொடாதீர்கள். வரிசைப்படுத்தும் விதியைத் தமிழுக்கு மாற்றினால் போதும். லிப்ரே ஆபிஸில் வரிசைப்படுத்தும் பெட்டியிலேயே மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். டேட்டாபேஸில் கொலேஷன் என்ற அமைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: எக்செல்லிலிருந்து ஏற்றியதும் எல்லாம் குப்பையாகிவிட்டது

தமிழுக்குப் பதில் தலையில் கொம்பும் வாலும் வைத்த ரோமன் எழுத்துகள் வந்தால், கோப்பை யூ.டி.எஃப்-8 என்று சொல்லாமல் திறந்திருக்கிறீர்கள். சேமிக்காமல் மூடிவிட்டு, இறக்குமதி வழியாகத் திறந்து குறிமுறையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மாற்றும்போது ஆங்கிலத் தலைப்புகள் உள்ள கட்டங்களை ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவையும் பொருளில்லாத தமிழாகிவிடும். அக்ஸஷன் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களையும் எக்செல் தின்றுவிடும். '3-4' என்ற தொகுதி எண்ணைத் தேதியாக்கிவிடும். அந்த நெடுவரிசைகளை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று ஆக்கிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள்.

அறிகுறி: பட்டியலில் ஒரு நூல், கையில் எடுத்தால் ஐந்து

வீட்டுச் சேர்க்கைகளில் இது சாதாரணம். பதிகம், பிள்ளைத்தமிழ், கும்பாபிஷேக மலர், சின்னச் சின்னப் பிரசுரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பைண்டாகக் கட்டிவிடுவார்கள். பதிந்தவர் முதல் தலைப்புப் பக்கத்தை மட்டும் பார்த்திருப்பார். அரிய பிரசுரங்கள் பல இப்படித்தான் பைண்டுக்குள் ஒளிந்திருக்கின்றன. கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு எழுதி, 501-ல் எவற்றோடு சேர்த்துக் கட்டப்பட்டது என்று குறியுங்கள். பைண்டு ஒன்று என்பதால் அக்ஸஷன் எண் ஒன்றே இருக்கட்டும். தயவுசெய்து பைண்டைப் பிரிக்காதீர்கள். எவற்றைச் சேர்த்துக் கட்டினார்கள் என்பதும் அந்த வீட்டின் வாசிப்பைப் பற்றிய செய்திதான்.

இதழ்களில் வேறு மாதிரி. காரைக்குடியிலிருந்து ராய. சொ. நடத்திய 'தனவைசிய ஊழியன்' பிறகு 'ஊழியன்' ஆனது. ஒரே பதிவில் இரண்டையும் போட்டால் இதழ் எண்கள் குழம்பும். இரண்டு பதிவு போட்டு இணைக்காமல் விட்டால், பாதி இதழ்களோடு ஆய்வாளர் திரும்பிப் போவார். இரண்டு பதிவு எழுதி, பழையதில் 785, புதியதில் 780 கொடுத்து ஒன்றையொன்று காட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: கணக்கேடும் கடிதக் கட்டும் எந்தப் படிவத்திலும் பொருந்தவில்லை

பேரேடு, ஐந்தொகை, ரங்கூன் கடையிலிருந்து மேலாள் எழுதிய கடிதங்கள், இசைபிடிமானம் (திருமண ஒப்பந்தம்), முறைச்சிட்டை (சீர் முறைப் பட்டியல்). இவற்றுக்கு ஆசிரியரும் இல்லை, தலைப்பும் இல்லை, பதிப்பகமும் இல்லை. நூலுக்கான படிவத்தில் பொருந்தாதது இயல்புதான், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு கற்பித்து மல்லுக்கட்ட வேண்டாம். ஆவணக் காப்பக முறையில் மேலிருந்து கீழே வர வேண்டும்: முதலில் குடும்பம், பிறகு எந்த ஊர்க் கடை, பிறகு பேரேடா கடிதமா என்ற வகை, பிறகு ஆண்டு. கட்டு எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையிலேயே மென்மையான பென்சிலால் எண் போடுங்கள். தேதி வாரியாக அடுக்கித் தருகிறேன் என்று கட்டைக் கலைத்துவிட்டால், எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்ற தொடர்பு போய்விடும். முழு மார்க் பதிவு கனமாகத் தோன்றினால் டப்ளின் கோர் என்ற எளிய பதிவு முறையின் பதினைந்து கூறுகள் இங்கே போதும். தலைப்பு, உருவாக்கியவர், தேதி, இடம், மொழி, உரிமை என்று நிரப்பலாம்.

இசைபிடிமானத்திலும் முறைச்சிட்டையிலும் இன்று இருக்கிறவர்களின் குடும்ப விவரம், கொடுத்த சீர், வாங்கிய தொகை எல்லாம் இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்காமல் வெளியே காட்டக் கூடாது. கோஹாவில் ஓபேக் மறைப்பு அமைப்பை இயக்கிவிட்டு, அந்தப் பதிவுகளின் 942-ல் மறைப்புக் குறியை இட்டால் ஊழியர் பக்கத்தில் மட்டும் தெரியும். வீட்டார் சரி என்று எழுத்தில் கொடுத்த பிறகு குறியை எடுத்துவிட்டு மறு இண்டெக்ஸ் செய்யுங்கள்.